முட்டி மடங்கக் கூடாது

நாலாவதாக வருவதில் நான் கெட்டிக்காரி. வட்டாரப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடினால் முதலாவது வருவேன். எங்கள் வட்டாரத்தில் ஓடுகிற பெண்கள் அதிகம் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம். மாவட்டத்துக்குப் போனால் நாலாவது. எட்டாம் வகுப்பில் நாலாவது, ஒன்பதாம் வகுப்பிலும் நாலாவது. மூன்று பேரை மேடையில் ஏற்றி மெடல் மாட்டும்போது கீழே நின்று கைதட்டுகிற கூட்டத்தில், வியர்வை காயாமல் மூச்சு வாங்கிக்கொண்டு தட்டுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஐந்தாவதாக வருகிறவளுக்குக்கூட அந்தக் கஷ்டம் இல்லை. அவள் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

மரக்காணம் உப்பளத்தில் அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போனார்கள். அப்பா பாத்தியில் பலகை போட்டு உப்பை இழுத்து ஒதுக்குவார். அம்மா அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, வரப்பு மேல் நடந்து போய் அம்பாரத்தில் கொட்டுவாள். பாண்டிக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னலிலிருந்து படம் எடுப்பார்களே, அந்த வெள்ளைக் குவியல்தான் அம்பாரம். லீவு நாட்களில் நானும் கூடை தூக்குவேன். பத்தாவது முடித்தால் லீவு இல்லாத நாட்களிலும் தூக்குவேன். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அதிலிருந்து தப்ப எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற பெண்ணுக்கு விளையாட்டு விடுதியில் இடம் உண்டு. சாப்பாடு, படிப்பு, ஷூ எல்லாம் அவர்கள் பாடு. அப்புறம் போலீஸ், ரயில்வே என்று வேலையும் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் சொல்வார். எனக்கு வேலைகூட அப்புறம்தான். தலையில் எதுவும் இல்லாமல் ஒரு வருடமாவது இருந்து பார்க்க வேண்டும் என்றிருந்தது. மற்ற பெண்கள் டாக்டர், டீச்சர் என்று சொல்கிற இடத்தில் நான் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொல்லவில்லை.

நாலாவதாக வருவதற்குக் காரணம் ஷூ இல்லாததுதான் என்று முதலில் நம்பினேன். எனக்கு முன்னால் வருகிற மூவரும் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ போட்டிருந்தார்கள், நான் வெறுங்கால். உப்பில் ஊறிய கால் என்பதால் தார் ரோடும் எனக்குச் சுடாது, கல்லும் குத்தாது. அதில் கொஞ்சம் திமிர்கூட இருந்தது. ஆனால் விஷயம் ஷூவில் இல்லை. கடைசி வளைவு வந்ததும் அந்த மூவரும் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி பறப்பார்கள். என் காலில் அந்தப் பறத்தல் கிடையாது. முதல் சுற்றில் எப்படிப் போனேனோ அப்படியேதான் கடைசிச் சுற்றிலும் போவேன். நாள் முழுக்கப் போகச் சொன்னாலும் போவேன். நாள் முழுக்க ஓடச் சொல்லி யாரும் போட்டி வைக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இருந்த அந்த வருடம் டிசம்பரில் சுனாமி வந்தது. கடலோரக் குப்பங்களில் ஆட்களே போனார்கள். ரோட்டுக்கு மேற்கே இருந்த எங்களுக்கு உயிர்ச்சேதம் இல்லை. கழிமுகம் வழியாக ஏறிய தண்ணீர் பாத்திகளில் கறுப்புச் சேற்றை விட்டுவிட்டுப் போயிருந்தது. குப்பத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து சேற்றுக்காக அழ யாருக்கும் வாய் வராது. பேசாமல் வாரினோம். வாரி முடித்தால் பாத்தி மிதிக்க வேண்டும். வருடா வருடம் பொங்கல் கழிந்ததும் களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்கினால்தான் உப்பு மண் கலக்காமல் விளையும். அந்த வருடம் அதை இரண்டு தடவை செய்தோம். வரிசையாக நின்று, காலைத் தூக்காமல், அழுத்தி அழுத்தி நகர வேண்டும். பள்ளி மைதானத்தில் நிவாரண மூட்டைகள் கிடந்ததால் ஓடவும் இடமில்லை. கோடை முழுக்க மிதித்தேன், அப்புறம் கூடை தூக்கினேன்.

நிவாரணத் துணிகளில் கம்பளிச் சட்டைகள் நிறைய வந்திருந்தன. எங்கள் ஊர் வெயிலுக்குக் கம்பளி அனுப்பிய புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அந்தக் கம்பளிகளுக்கு நடுவே யாரோ போட்டுக் கழித்த வெள்ளை ஷூ ஒரு ஜோடி கிடைத்தது. எனக்குப் பெரிது. முன்னால் துணி அடைத்துப் போட்டுக்கொண்டேன். என் முதல் ஷூ அதுதான்.

ஜூனில் பத்தாம் வகுப்பு திறந்தது. புது ஷூவோடு எண்ணூறு ஓடிக் காட்டினேன். பி.டி. சார் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் என் காலைப் பார்த்தார். சேறு மிதித்ததில் கெண்டைக்கால் இரண்டும் தடித்துப்போயிருந்தன. போன வருடத்தைவிட வேகம் குறைந்திருந்தது எனக்கே தெரிந்தது.

"போன வருஷம் நாலாவது. இந்த வருஷம் ஓடுனா அஞ்சாவது வருவே," என்றார். "நடந்தியானா மூணாவது வரலாம். பொம்பளப் புள்ளைங்கள்ல நடக்கறதுக்கு ஆளே கெடையாது."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கேலி இல்லை. நடைப் போட்டி என்று ஒன்று இருந்தது, அதற்கும் மெடல் இருந்தது, அதற்கும் விடுதியில் இடம் இருந்தது. எனக்கு நடக்க வரும் என்பதால் அவர் என்னை அதில் தள்ளவில்லை. கூட்டம் குறைவு என்பதால் தள்ளினார். பஸ்ஸில் எந்த வாசலில் ஏறினால் சீட்டு கிடைக்கும் என்று பார்ப்பதைப் போல. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். அவர் உண்மையைக் கல்லை எறிவது போல எறிவார், அவ்வளவுதான். அது யார் மேல் படுகிறது என்று பார்க்க மாட்டார்.

அவரும் அதுவரை நடைப் போட்டியைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. திண்டிவனத்தில் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து விதியை மட்டும் சொன்னார். எந்த நேரமும் ஏதாவது ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால் தரையைத் தொட்ட நேரத்திலிருந்து உடம்பு அதன் மேல் நேராக வந்து நிற்கும்வரை முட்டி மடங்கக் கூடாது. முதல் விதி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாத்தி மிதித்தவளுக்குக் காலைத் தரையோடு வைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது விதிதான் என் வயிற்றில் அடித்தது.

கூடை தூக்குகிறவள் முட்டியை விறைத்து நடந்தால் தொலைந்தாள். வரப்பு ஓர் ஆள் போகிற அகலம்தான். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அந்தக் களிமண் சோப்பு மாதிரி இருக்கும். தலையில் ஈர உப்பு. முட்டியைக் கொஞ்சம் மடக்கி, தொளதொளவென்று விட்டு நடந்தால்தான் கால் சறுக்கினாலும் உடம்பு தாங்கும், கூடையும் ஆடாது. களைத்துப்போனால் கால் தானாக விறைக்கும். அதனால் எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் போகும்போது பின்னால் வருகிறவள் முன்னால் போகிறவளின் முட்டியைப் பார்த்துக்கொண்டே வருவாள். விறைப்பு தெரிந்தால் குரல் கொடுப்பாள்: "முட்டிய உடுடீ." முட்டியை விடு, தளர்த்து என்று பொருள். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள்கூட அந்தக் குரலை மட்டும் கொடுத்தாக வேண்டும்; கொடுக்காமல் ஒருத்தி விழுந்தால் அந்தப் பாவத்தை ஊர் மன்னிக்காது. கேட்டவளும் யோசிக்க மாட்டாள். காதில் விழுந்ததும் முட்டி தளர்ந்துவிடும். என் பின்னால் எப்போதும் அம்மாதான் வருவாள். அவள் வாய்க்கும் என் முட்டிக்கும் இடையே என் மூளைக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது.

இந்த முட்டியை நேராக்க பி.டி. சார் கண்டுபிடித்த வைத்தியம் மர ஸ்கேல். இரண்டு முட்டிக்கும் பின்னால் ஒவ்வொரு ஸ்கேலை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார். மடங்கினால் ஸ்கேலின் முனை சதையில் இறங்கும். உப்பளத்துக்குப் போகிற மண் ரோட்டில் நான் நடப்பேன், அவர் பின்னால் சைக்கிளில் வருவார். "மடங்குது" என்பார். நான் பல்லைக் கடிப்பேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி "மடங்குது." வேறு பேச்சே கிடையாது. வீட்டுக்கு வந்து ஸ்கேலை அவிழ்த்தால் தொடையிலும் கெண்டைக்காலிலும் கோடு கோடாகக் கிழிந்திருக்கும். அந்தக் காலோடு ஞாயிற்றுக்கிழமை பாத்தியில் இறங்கினால் உப்பு அதைத் தேடி வந்து கடிக்கும். வார நாட்களில் சார் நேராக்கியதை ஞாயிற்றுக்கிழமை கூடை மடக்கும். திங்கட்கிழமை மறுபடி ஸ்கேல்.

முட்டி விறைத்து வேகமாக நடந்தால் இடுப்பு ஆடும். ஆடாமல் நடக்கவே முடியாது. இதைப் பார்க்க எங்கள் ஊருக்குக் கொடுத்து வைத்திருந்தது. டீக்கடை வாசலில் பையன்கள் எனக்காகக் காத்திருந்து, நான் தாண்டியதும் அதே மாதிரி இடுப்பை ஆட்டிக்கொண்டு என் பின்னால் வருவார்கள். பைக்கில் போகிறவர்கள் ஹாரனை என் நடைக்குத் தாளமாக அடிப்பார்கள். உப்பளத்துப் பெண்கள் இன்னும் மேல். எவனை வளைக்க இந்த ஆட்டம் என்று என் எதிரிலேயே கேட்டார்கள். ஒரு நாள் ஆரோவில் பக்கமிருந்து சைக்கிளில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நிறுத்தி, கட்டை விரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். இவனுமா என்று ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். அந்த ரோட்டில் நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்திருந்த ஒரே மனிதர் அவர்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

அப்பா வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டார். நடக்கிறதுக்கே பரிசு கொடுக்கிறார்கள் என்றால் உங்கம்மாவுக்கு இதுவரை எத்தனை கொடுத்திருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அம்மா சிரிக்க மாட்டாள். அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. துப்பட்டாவை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடக்க முடியாதா என்று ஒரே ஒரு முறை கேட்டாள். முடியாது என்றேன். அதற்குப் பிறகு நான் நடக்கிற நேரத்தில் அவள் அந்த ரோட்டுப் பக்கமே வரவில்லை.

ஆனால் சார் சொன்ன கணக்கு பலித்தது. வட்டாரத்தில் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருத்தி பாதியில் அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டாள். நான் முதலாவது. மாவட்டத்தில் இரண்டாவது. மேடையில் ஏறி நின்றபோது கீழே யார் நாலாவது என்று தேடினேன். வேண்டுமென்றேதான் தேடினேன். கண்டுபிடித்ததும் மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அம்மா அந்த மெடலைக் கையில் வாங்கி, வெள்ளியா என்று கேட்டாள். இல்லை, ஆனால் மாநிலத்தில் இதே மாதிரி வந்தால் விடுதி என்றேன். அவள் அதைத் துடைத்து சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

அந்த வருடம் மழை விடாமல் கொட்டியதில் மாநிலப் போட்டி தள்ளிப் போய்ப் பிப்ரவரியில் திருச்சியில் நடந்தது. எங்கள் பள்ளியில் பெண் பி.டி. டீச்சர் கிடையாது. பெண் பிள்ளையைத் தனியாக அழைத்துப் போக முடியாது, வீட்டிலிருந்து ஒரு பொம்பளை வந்தே ஆக வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். கூலியை விட்டுவிட்டு அம்மா கிளம்பினாள். கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டாள்.

மைதானத்தில் அவள் எல்லாவற்றையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். நீளம் தாண்டுகிற பெண்களைப் பார்த்து, மணல்ல உழறதுக்கு எதுக்கு அவ்ளோ தூரத்துலேர்ந்து ஓடி வர்றாங்க என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவளோடு அப்படிச் சேர்ந்து உட்கார்ந்து, கையில் வேலை இல்லாமல், கடலை தின்றுகொண்டு சிரித்தது அதற்கு முன் நடந்ததாக நினைவில்லை. அவள் வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

மத்தியான வெயில் இறங்கத் தொடங்கிய நேரத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். மூவாயிரம் மீட்டர் நடை. மண் தடம், சுண்ணாம்புக் கோடு. தடத்தைச் சுற்றி இடைவெளி விட்டு நடுவர்கள் நின்றார்கள். ஒருத்தி முட்டியை மடக்கினால் நடுவர் கைப்பிடி வைத்த மஞ்சள் தட்டியைக் காட்டுவார், அது எச்சரிக்கை. அப்புறமும் மடக்கினால் சிவப்புச் சீட்டு எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்பிவிடுவார். மூன்று நடுவர்களிடமிருந்து மூன்று சிவப்பு போனால் ஆள் வெளியே. சார் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா எதிர்ப்பக்கத்து வேலியோரம் தனியாக நின்றாள்.

முதல் சுற்றிலேயே இரண்டு பேர் முன்னால் போய்விட்டார்கள். நான் மூன்றாவது. சார் ஜூனில் சொன்ன அதே மூன்றாவது. எனக்குப் பின்னால் வந்தவள் வெகு தூரத்தில் இருந்தாள். விழாமல் நடந்து முடித்தால் போதும், விடுதி எனக்கு. முட்டி நேராக இருந்தது. ஸ்கேல் இல்லாமலே ஸ்கேல் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு நடுவர்கூட என்னிடம் மஞ்சளைக் காட்டவில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் அம்மாவைத் தாண்டினேன். அவள் முகத்தை இப்போது நினைத்தால் புரிகிறது. நான் வீதியில் நடந்து பழகிய நாட்களில் அவள் ஒரு நாளும் பார்க்காமல் ஒதுங்கியிருந்தவள். அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அங்கே நடந்த அத்தனை பெண்களும் விழப்போகிறவர்களாகத் தெரிந்தார்கள். முட்டி விறைத்து, முகம் வெளுத்து, வேகமாக வேறு. தன் பெண்ணும் அதில் ஒருத்தி. சுற்றுக்குச் சுற்று என் கால் களைப்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதைக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பொறுத்துப் பொறுத்துப் பார்த்திருக்கிறாள். கடைசிக்கு முந்தைய சுற்றில் நான் அவளைத் தாண்டியதும், பின்னாலிருந்து கத்தினாள்.

"முட்டிய உடுடீ!"

விட்டுவிட்டேன். நான் விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது விட்டது. இடுப்புக்குக் கீழே எல்லாம் இளகியது. அந்தச் சுகத்தை என்ன சொல்வது. எத்தனையோ மாதங்களாகக் கட்டி வைத்திருந்ததை யாரோ அவிழ்த்துவிட்டது போல இருந்தது. கூடை தூக்குகிற நடையில், தலையில் கூடை இல்லாமல் நடந்தேன். வேகம் கூடியது. எனக்கு முன்னால் போனவளின் முதுகு பக்கத்தில் வந்தது. அவளைத் தாண்டினேன். என் வாழ்நாளில் கடைசிச் சுற்றில் நான் ஒருத்தியைத் தாண்டியது அது ஒன்றுதான். நடுவர்களைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் வெயிலில் மஞ்சள் தெரிந்திருக்குமோ என்னவோ. எதிர்ப்பக்கத்தில் அம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

இரண்டாவதாக வந்து கோட்டைத் தாண்டினேன். அம்மா மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தாள்; யாரோ தடுத்ததையும் கேட்கவில்லை. என்னைக் கட்டிப்பிடித்து, பாட்டில் தண்ணீரை என் தலையில் ஊற்றி, நல்ல புடவையால் என் முகத்தைத் துடைத்தாள். ஹாஸ்டலுக்கு எப்போது போகணும், பெட்டி வாங்கணுமா என்று கேட்டாள். நான் இரும்புப் பெட்டி வேண்டாம், பை போதும் என்றேன். பை என்ன நிறம் என்பதுவரை பேசிவிட்டோம். அப்போதுதான் வெள்ளைத் தொப்பி போட்ட தலைமை நடுவர் நடந்து வந்தார். கையில் வட்டமாகச் சிவப்புத் தட்டி. அதை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். திரும்பிப் போய்விட்டார்.

என்னவென்று அம்மாவுக்குப் புரியவில்லை. அது பரிசோ என்று நினைத்து அவர் பின்னால் இரண்டடி போனாள். பி.டி. சார் போய்க் கேட்டுவிட்டு வந்தார். மூன்று சிவப்பும் முட்டிக்காக, மூன்றும் அந்த ஒன்றரைச் சுற்றில் விழுந்தவை. நாலாவதாக வந்தவளுக்கு மூன்றாம் இடம். சார் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம்தான் பேசினார், சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி.

"நீ கத்துனதுதாம்மா. வாய மூடிக்கினு நின்னிருந்தா இந்நேரம் உம் பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கும். எட்டு மாசமா நான் நிமித்துன முட்டிய ஒரு வார்த்தையில மடக்கிட்டே."

"உழுந்துடுவான்னு பயந்தேன் சார்," என்றாள் அம்மா. அப்புறம் நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். "மடக்காம எப்பிடி சார் நடக்கிறது?"

"நடந்து பாரு. அப்ப தெரியும், அது இன்னா பாடு பட்டுதுன்னு."

பஸ்ஸில் அம்மா என் தோளில் கை வைக்க வந்தாள். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டேன். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. சாரையும் பிடிக்கவில்லை, மேடையில் ஏறி நின்ற அந்த மூன்றாவது பெண்ணைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. விழுப்புரத்தில் இட்லி வாங்கி நீட்டினாள். வேண்டாம் என்றேன். பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர்வரை வந்தாள்.

ஊரில் மழைக்காலத்துக்கு ஓலை போட்டு மூடிவைத்திருந்த பழைய அம்பாரங்களைப் பிரித்து லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். என்னை லாரிமேல் ஏற்றிவிட்டார்கள். கீழேயிருந்து நீட்டுகிற கூடையை வாங்கிக் கொட்டுகிற வேலை. அங்கிருந்து பார்த்தால் வரப்பு முழுக்கத் தெரியும். பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அம்மா நடுவில் வந்தாள். அவள் நடை வேறு மாதிரி இருந்தது. காலை நீட்டி, குதிகாலை முதலில் ஊன்றி, முட்டியை விறைத்து, தலையில் கூடையோடு இடுப்பை ஆட்டி ஆட்டி வந்தாள்.

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். பெண்ணைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தி நடையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அம்மாவுக்கு அடுத்து வந்தவள்தான் முதலில் சிரிப்பை விட்டாள். "முட்டிய உடுக்கா" என்று அவள் கூப்பிட்டது லாரிமேல் நின்ற எனக்கே கேட்டது. அம்மாவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. இன்னொரு முறை கூப்பிட்டாள். அம்மா விடவில்லை. இன்னும் நாலு எட்டு அப்படியே வந்தாள். கால் சறுக்கியது. விறைத்த கால் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது, அதன்மேல் கூடை உப்பும் இறங்கியது.

நான் குதித்து ஓடிப் போனபோது அவள் சேற்றில் கிடந்தாள். முகத்திலெல்லாம் உப்பு. ஏம்மா முட்டிய உடல என்று கேட்டேன். ஒரு வாரத்தில் நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"நீ எப்பிடி நடந்தேன்னு பாத்தேன்," என்றாள். "ரொம்ப கஷ்டம்டீ."

முட்டிச் சில்லு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கட்டுப் போடுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். மூங்கில் பத்தை வைத்துத் தொடையிலிருந்து கணுக்கால்வரை கட்டினார். நான் பரீட்சை எழுதினேன். பாஸும் செய்தேன். பி.டி. சார் ஒரு நாள் வீட்டு வாசல்வரை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, அடுத்த வருடமும் நடந்தால் கட்டாயம் கிடைக்கும், இந்தத் தடவை அம்மா இல்லாமல் வா என்றார். அடுத்த வருடம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தால்தானே என்று அப்பா சொன்னார். சார் சரி என்று சைக்கிளில் ஏறிப் போனார். அந்த ஜூனில் அவர் வேறொரு பெண்ணுக்கு ஸ்கேல் கட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

கட்டைப் பிரித்தபோது அம்மாவின் கால் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. எண்ணெய் போட்டு நீவினார்கள், வெந்நீர் ஊற்றினார்கள், கட்டுப் போட்டவரே வந்து உட்கார்ந்து அழுத்திப் பார்த்தார். மடங்கவில்லை. இனி மடங்காது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கூடை தூக்குவது அத்தோடு போயிற்று. வீட்டுக்குள் நடக்கும்போது அந்தக் காலை இடுப்பால் வீசி முன்னால் கொண்டுவந்து வைப்பாள்.

நான் வேலைக்குப் போன முதல் நாள் காலையில் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொடுக்க அப்படித்தான் வாசல்வரை வந்தாள். அப்பா அவள் காலைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவளே சொன்னாள்.

"இப்ப வந்து காட்டச் சொல்லு, அந்தச் செவப்ப."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். என்னால் முடியவில்லை. அவளை அறையவேண்டும் போலவும் இருந்தது, அவள் காலடியில் விழவேண்டும் போலவும் இருந்தது. தூக்கை வாங்கிக்கொண்டு, கூடைக்கு அடியில் வைக்கிற சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். நான் போனபோது பெண்கள் வரப்பில் ஏறிவிட்டிருந்தார்கள். வரிசையில் அம்மா போகிற இடத்தை எனக்கு விட்டு வைத்திருந்தார்கள்.